மாற்றுச் சிறுநீரகமும் பின்னால் வரும் சிக்கல்களும்: ஊசி, கம்பி, குழாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மாற்றுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, பரங்கிப்பேட்டை என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்புதல் படிவத்தைக் கையில் பிடித்தபடி ஸ்கேன் அறை வாசலில் கேட்டால் அவசரமான பதில்தான் கிடைக்கும். அதனால் நிதானமாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு என்ன செய்வது என்பதை உங்கள் நெப்ராலஜி (சிறுநீரக நோய்) மருத்துவர்தான் முடிவு செய்வார். அவர் சொல்வது புரிவதற்கு இது உதவும்.

புதுக் கிட்னியை எங்கே வைத்திருக்கிறார்கள்? முதுகில் தழும்பே இல்லையே?

முதுகில் இருக்காது. அடிவயிற்றின் ஓரத்தில், இடுப்பெலும்பின் குழிவில், பெரும்பாலும் வலப்பக்கம் வைப்பார்கள். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியோடு கிட்னியின் தமனியையும், பக்கத்துச் சிரையோடு அதன் சிரையையும் சேர்த்துத் தைக்கிறார்கள். சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்துகிறார்கள். பழைய கிட்னிகள் பெரும்பாலும் அவற்றின் இடத்திலேயே விடப்படும்.

ஆக மூன்று இணைப்புகள். கீழே சொல்லப்போகும் கோளாறுகள் பலவும் இந்த மூன்றைச் சுற்றியே நடக்கின்றன. ஒரு வசதி, இந்தக் கிட்னி தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும், ஊசிக்கும் எளிதில் எட்டும்.

ஸ்கேன் என்றால் பார்ப்பதற்குத்தானே? அங்கே எதற்கு ஊசியும் குழாயும்?

பார்த்துக்கொண்டே செய்வதற்கு. அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே திரை, சிடி ஆகியவற்றில் படத்தைப் பார்த்தபடி தோலில் சிறு துளையிட்டு உள்ளே வேலை செய்கிற பிரிவுக்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்று பெயர். அடிப்படை முறை எளியது. முதலில் ஊசி, அதற்குள் மெல்லிய கம்பி, பிறகு ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேலாகக் குழாய். இரத்தக் குழாய்க்குள் இப்படி நுழையும் வழியை 1953இல் சுவீடன் மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1954 டிசம்பரில், பாஸ்டன் நகரில் இரட்டையர்களுக்கிடையே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

புதிதாகத் தைத்த வயிற்றை மறுபடி திறப்பது யாருக்கும் விருப்பமில்லை. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குப் புண் ஆறுவதும் மெதுவாகத்தான். அதனால்தான் முடிந்தவரை ஊசித் துளையிலேயே வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள்.

எனக்கு வலியே இல்லை, சிஸ்டர். பிறகு எப்படி அடைப்பு என்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கிட்னியை எடுத்துப் பொருத்தும்போது இரத்தக் குழாய்களைத் தைக்கிறார்கள், நரம்புகளைத் தைப்பதில்லை. சொந்தக் கிட்னியில் கல் அடைத்தால் ஆளைச் சுருட்டிப் போடும் வலி, மாற்றுக் கிட்னியில் குழாய் முழுக்க அடைத்தாலும் வராமல் போகலாம். கிட்னி வீங்கி மேலே இருக்கும் தசையும் தோலும் இழுபடும்போது ஒரு கனம் தெரியலாம், அவ்வளவுதான்.

எனவே வலியை நம்பாதீர்கள். சிறுநீரின் அளவு, எடை, இரத்த அழுத்தம், காய்ச்சல், கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவின் இரத்த அளவு) இந்த ஐந்தும்தான் பேசும். ‘ஒன்றும் செய்யவில்லையே, பொங்கல் முடிந்து வரலாம் என்று இருந்தோம்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதை மறைத்துப் பயனில்லை.

உப்பு, அதாவது கிரியேட்டினின், 1.3இல் இருந்து 1.9 ஆகிவிட்டது. உடல் கிட்னியை ஏற்கவில்லை என்று பொருளா?

இருக்கலாம், ஆனால் அது ஒன்றே காரணமல்ல. வாந்தி பேதியில் நீர்ச்சத்து குறைந்திருக்கலாம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையான டாக்ரோலிமஸின் அளவு இரத்தத்தில் கூடியிருக்கலாம். சிறுநீர்த் தொற்று, மாற்றுக் கிட்னியைத் தாக்கும் பிகே வைரஸ், குழாய் அடைப்பு, தமனிச் சுருக்கம், கிட்னியைச் சுற்றி நீர் தேங்கி அழுத்துவது என எதுவும் அதே எண்ணைத்தான் காட்டும். கடலூர் வெயிலில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க மறந்தவருக்கும் ஏறும்.

அதனால்தான் இரத்தப் பரிசோதனையோடு முதலில் டாப்ளர் ஸ்கேன். வீக்கம், நீர்த் தேக்கம், இரத்த ஓட்டம் மூன்றையும் அது ஒரே தடவையில் காட்டிவிடும். அதில் விடை கிடைக்காவிட்டால் பயாப்சி.

பயாப்சி எடுத்தால் கிட்னி கெட்டுவிடும் என்கிறாரே பக்கத்துப் படுக்கைக்காரர்?

பொதுவாகக் கெடாது. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, ஊசி போட்டு மரத்துப்போன இடத்தில், தானாக வெட்டியெடுக்கும் ஊசியால் நூல் துணுக்குப் போன்ற ஒன்றிரண்டு துண்டுகள் எடுப்பார்கள். ‘டக்’ என்ற ஓசை கேட்கும். முன்பே சொல்லாவிட்டால் அந்த ஓசைதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. பிறகு சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எந்த மருந்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதைத் துல்லியமாகச் சொல்லும் வழி இதைவிட வேறில்லை.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகள் சாப்பிடுகிறீர்களா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்துவது ஆபத்து.

பயாப்சிக்குப் பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகிறது. பயப்பட வேண்டுமா?

வெளிறிய ரோஜா நிறத்தில் ஓரிரு நாள் போய், தெளிந்துகொண்டே வந்தால் பயமில்லை. நிறம் கருஞ்சிவப்பாகிக் கட்டிகள் வந்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், தலை சுற்றி நாடித்துடிப்பு வேகமானால் உடனே வர வேண்டும்.

ஊசி போன பாதையில் தமனிக்கும் சிரைக்கும் இடையே கள்ள வழி திறந்திருக்கலாம். தமனிச் சுவரில் பொய்க் குமிழும் வரலாம். கள்ள வழிகள் பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். மூடாமல் இரத்தம் கசிந்தால், தொடை மடிப்பில் உள்ள தமனி வழியாக மிக மெல்லிய குழாயைக் கிட்னிக்குள் அந்தக் கிளை வரை கொண்டுபோய், உலோகச் சுருளால் அந்த ஒரு கிளையை மட்டும் அடைப்பார்கள். அந்தக் கிளை ஊட்டிய சிறு பகுதி பயனற்றுப் போகும், மீதிக் கிட்னி பிழைக்கும்.

கிட்னியைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது. என்ன நீர் அது?

அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு சாத்தியங்கள்: இரத்தம், சிறுநீர், நிணநீர், சீழ். எப்போது தோன்றியது என்பதே பாதி விடை. அறுவை முடிந்த ஓரிரு நாளில் என்றால் பெரும்பாலும் இரத்தம். முதல் இரண்டு வாரத்தில், சிறுநீர் அளவு திடீரென்று குறைந்து காயத்தில் ஈரம் கசிந்தால் இணைப்பிலிருந்து சிறுநீர்க் கசிவு. சில வாரம், சில மாதம் கழித்து மெல்லப் பெருகினால் நிணநீர், அதாவது லிம்போசீல். காய்ச்சல் இருந்தால் சீழ் என்று சந்தேகிப்பார்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகள் காய்ச்சலையும் அமுக்கி வைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

உறுதிப்படுத்த ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். இரத்தமோ சீழோ இல்லையென்றால் சிரிஞ்சில் ஏறும் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். சிறுநீரா நிணநீரா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு குப்பி கிருமிச் சோதனைக்கு, ஒன்று கிரியேட்டினின் பார்க்க. அதே நேரத்தில் கையிலிருந்தும் இரத்தம் எடுப்பார்கள். இரத்தத்தில் 1.6, நீரிலும் 1.7 என்றால் அது நிணநீர். நீரில் 14 என்று வந்தால் சந்தேகமே இல்லை, சிறுநீர்தான். ‘ஏன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் குத்துகிறார்கள்’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

சிறியதாக, எதையும் அழுத்தாமல் இருக்கும் நீரைப் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

லிம்போசீலை உறிஞ்சி எடுத்தார்கள், பத்து நாளில் மறுபடி வந்துவிட்டது. எத்தனை தடவை குத்துவார்கள்?

வெறுமனே உறிஞ்சினால் திரும்பி வருவது வழக்கம்தான், ஏனென்றால் அறுபட்ட நிணநீர்க் குழாய் இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. அதனால் சுருண்ட முனை கொண்ட வடிகுழாயை உள்ளே விட்டுச் சில நாள் வடிய விடுவார்கள். தினசரி அளவு குறையாவிட்டால் போவிடோன் அயோடின், ஆல்கஹால், டாக்ஸிசைக்ளின் போன்ற ஒன்றைக் குழாய் வழியாக உள்ளே செலுத்திச் சிறிது நேரம் வைத்து எடுப்பார்கள். அந்தப் பையின் சுவர்கள் ஒட்டிக்கொள்வதற்காக இது. பலமுறை செய்ய வேண்டியிருக்கும், எரிச்சலும் இருக்கும்.

அப்படியும் நிற்காத பெரிய லிம்போசீலுக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) மூலம் வயிற்றறைக்குள் ஒரு சாளரம் திறந்துவிடுவது நல்ல வழி. நீர் அங்கே வடிந்து உடலாலேயே உறிஞ்சப்பட்டுவிடும். எந்தக் கட்டத்தில் அதற்குப் போவது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். குழாயோடு மாதக்கணக்கில் இருப்பது தொற்றுக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

ஸ்கேனில் ‘லேசான வீக்கம்’ என்று இருக்கிறது. குழாய் போட்டே ஆக வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். மாற்றுக் கிட்னியில் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலே உட்புறம் லேசாக விரிந்து தெரியும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்வது அதனால்தான். பை காலியான பிறகும் வீக்கம் குறையாமல், முந்தைய ஸ்கேனைவிடக் கூடியிருந்து, கிரியேட்டினினும் ஏறியிருந்தால்தான் அடைப்பு என்று கொள்வார்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவராதவர்களுக்கு இங்கே ஒப்பிட எதுவும் இருக்காது.

வயிற்றில் குழாய் போட்டுப் பை மாட்டுவார்களாம். எப்படிச் செய்வார்கள்? ஆயுள் முழுக்கவா?

இதற்கு நெப்ராஸ்டமி என்று பெயர். சொந்தக் கிட்னிக்குக் குப்புறப் படுக்க வேண்டும், மாற்றுக் கிட்னிக்கு மல்லாந்து படுத்தால் போதும். அடிவயிற்றில் குளிர்ந்த மருந்து தடவி, பச்சைத் துணி போர்த்தி, மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த முதல் எரிச்சல்தான் பெரிய வலி. பிறகு அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி வீங்கிய உள்ளறைக்குள் ஊசி நுழையும். ஊசியின் உட்கம்பியை உருவியதும் ஒரு சொட்டுச் சிறுநீர் எட்டிப் பார்க்கும். அது தெரிந்ததும் அறையில் எல்லோருக்கும் மூச்சு சீராகும். எக்ஸ்ரே திரையில் கம்பி போகும் வழியைப் பார்த்து, பாதையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, மெல்லிய குழாயை விடுவார்கள். அதன் முனை உள்ளே சுருண்டு நின்றுகொள்ளும்.

ஆயுள் முழுக்க அல்ல. இது முதல் படி. கிரியேட்டினின் இறங்கினால் கோளாறு அடைப்பால்தான் என்பதும் உறுதியாகிவிடும். தொற்று அடங்கிய பிறகு அதே குழாய் வழியாகச் சாயம் செலுத்தி எந்த இடத்தில் சுருக்கம் என்று படம் எடுப்பார்கள். பெரும்பாலும் அது சிறுநீர்ப்பையை ஒட்டிய கீழ்முனையில் இருக்கும், ஏனென்றால் கிட்னியிலிருந்து வரும் இரத்தம் அந்த முனைக்குத்தான் கடைசியாகப் போய்ச் சேர்கிறது. சுருங்கிய இடத்தைப் பலூனால் விரித்து உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய உட்குழாயை வைத்துவிட்டால் வெளிக்குழாய் தேவையில்லை. குட்டையான, புதிய சுருக்கங்கள் இதற்கு நன்றாகப் பணியும். நீளமானவற்றுக்கும் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கும் அறுவைதான்.

பையோடு கடலூருக்குப் பஸ்ஸில் போகலாமா? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

போகலாம். பை எப்போதும் குழாய் போட்ட இடத்துக்குக் கீழே தொங்க வேண்டும். பஸ்ஸில் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், அப்போது சிறுநீர் திரும்ப உள்ளே போகும். புடவையோ வேட்டியோ கட்டும்போது குழாய் மடங்காமல் பாருங்கள். பை பாதி நிரம்பியதும் கீழ்வாயைத் திறந்து காலி செய்யுங்கள். எவ்வளவு வந்தது என்று நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். வழக்கமாகச் சிறுநீர் கழிப்பதையும் தனியாக அளந்து எழுத வேண்டும். கட்டு நனைந்தால் மாற்ற வேண்டும். கடற்கரையில் இறங்கிக் குளிப்பது, குளத்தில் முழுகுவது கூடாது.

சில பேருக்கு அடைப்பு திறந்த முதல் ஓரிரு நாள் சிறுநீர் கொட்டோ கொட்டென்று கொட்டும். அது நல்ல செய்தி என்று மகிழ்ந்துவிட்டு விட்டுவிடக்கூடாது. நீரும் உப்பும் சேர்ந்தே இழக்கப்படுகின்றன, ஈடுகட்ட வேண்டும்.

தூக்கத்தில் குழாய் கழன்று வந்துவிட்டது. வந்த வழியே தள்ளிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். சுத்தமான துணியால் அந்த இடத்தை மூடிக்கொண்டு, கழன்ற குழாயையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு உடனே கிளம்புங்கள். துளை சீக்கிரம் மூடிவிடும். அன்றே வந்தால் பழைய பாதையிலேயே புதுக் குழாய் விட வாய்ப்புண்டு, மறுநாள் வந்தால் புதிதாகக் குத்த வேண்டியிருக்கும். வெளியே வராமல் கொஞ்சம் நகர்ந்து, பையில் எதுவும் இறங்காவிட்டாலும் இதே அவசரம்தான்.

அறுவையின்போது வைத்த டிஜே ஸ்டென்டை எடுக்கவே இல்லை என்று இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உடனே யூராலஜி (சிறுநீர்ப் பாதை அறுவை) பிரிவுக்கு வாருங்கள். வழக்கமாகச் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டியது அது. மாதங்கள் ஓடினால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகி, அதுவே அடைப்பாகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியை வட்டமிட்டு வையுங்கள்.

பிரஷருக்கு நான்கு மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை. இதற்கும் கிட்னிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கிட்னித் தமனி இணைந்த இடத்தில் சுருக்கம் விழுந்திருக்கலாம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் இரண்டு ஆண்டுக்கும் இடையில் தெரியவரும். தனக்கு இரத்தம் போதவில்லை என்று உணரும் கிட்னி ரெனின் என்ற பொருளைச் சுரந்து உடல் முழுக்க அழுத்தத்தை ஏற்றுகிறது, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவதும், ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கிய சில நாளில் கிரியேட்டினின் துள்ளி ஏறுவதும் இதைக் காட்டிக்கொடுக்கும்.

டாப்ளரில் இரத்தம் ஓடும் வேகத்தை அளப்பார்கள். ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவதுபோல் சுருங்கிய இடத்தில் வேகம் கூடும். நொடிக்கு 250, 300 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். பிறகு கேத் லேபில் (இரத்தக் குழாய்ச் சிகிச்சை அறையில்) தமனிக்குள் குழாய் விட்டு உறுதி செய்து, பலூனால் விரித்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பார்கள். வழி தொடை மடிப்பாக இருந்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தபின் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை ஒரு வேளைகூட விடக்கூடாது. டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த பழைய ஃபிஸ்டுலா உள்ள கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி குத்தவோ விடாதீர்கள், எந்த அறையாக இருந்தாலும்.

சாயம் ஏற்றினால் கிட்னி பாதிக்கும் என்கிறார்களே?

இரத்தத்தில் ஏற்றும் அயோடின் சாயம் ஏற்கெனவே பலவீனமான கிட்னியைப் பாதிக்கலாம். அதனால் குறைந்த அளவே பயன்படுத்துவார்கள், முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள், தமனிப் படத்துக்குச் சில இடங்களில் சாயத்துக்குப் பதில் கரியமில வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளி அதை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

முன்னே சொன்ன நெப்ராஸ்டமி படத்தில் சாயம் போவது சிறுநீர்ப் பாதைக்குள், இரத்தத்துக்குள் அல்ல. அந்தப் பயம் அங்கே பொருந்தாது. அங்கே கவலை தொற்றுதான், அதனால்தான் காய்ச்சல் அடங்கும்வரை காத்திருக்கிறார்கள்.

வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். காலை டாக்ரோலிமஸ் மாத்திரையையும் விட்டுவிடலாமா?

விடக்கூடாது. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாள் என்றால் முதலில் இரத்தம் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு வாய்த் தண்ணீரில் மாத்திரையை விழுங்க அனுமதி கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் மோசம். பட்டினி என்பது இட்லிக்குத்தான், இந்த மாத்திரைகளுக்கு அல்ல.

எல்லாவற்றையும் ஊசியிலேயே செய்யலாம் என்றால், அவருக்கு மட்டும் ஏன் மறுபடி வயிற்றைத் திறந்தார்கள்?

எல்லாவற்றையும் செய்ய முடியாது. முதல் சில நாளில் சிறுநீர் சட்டென்று நின்று, டாப்ளரில் தமனியோ சிரையோ உறைந்து அடைத்திருப்பது தெரிந்தால் நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதே வழி. பெரிய இரத்தக் கட்டி கிட்னியை நசுக்கினாலும், சிறுநீர்க் குழாயின் முனை உயிரற்றுப் போயிருந்தாலும் அப்படித்தான்.

காப்பீட்டு அட்டை செல்லுமா?

கடலூர்க்காரர் கையில் இருப்பது தமிழக அரசின் அட்டை. புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி. கோரிமேட்டிலுள்ள ஜிப்மரோ மத்திய அரசின் நிறுவனம். ஆக, மாற்று அறுவைக்குச் செல்லுபடியான அட்டை இதற்கும் செல்லும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். என்ன செய்யப்போகிறார்கள் என்பதை மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்கி, சேர்வதற்கு முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் காட்டுங்கள். ‘குழாய் போடுகிறார்கள்’ என்று வாயால் சொன்னால் அவர்களுக்கும் விளங்காது.

ராத்திரி குளிர்காய்ச்சல் வருகிறது. பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு காலையில் வரலாமா?

குழாயோ ஸ்டென்டோ உள்ளவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் காலை வரை காத்திருப்பது தவறு. முதலில் மாற்றுப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். தூரம் அதிகமென்றால் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையில் முதலுதவி எடுத்துக்கொண்டு வாருங்கள். அங்கே வாய் திறந்ததும் சொல்ல வேண்டியது: ‘மாற்றுக் கிட்னி, டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறேன்.’ கிட்னியைப் பாதிக்கும் வலி மருந்தான டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். பம்பளிமாஸ் பழமும் இந்தப் பட்டியலில் சேரும்.

மழைக்காலத்தில் குழாய் மாற்றும் தேதி வருகிறது. தள்ளிப்போடலாமா?

தள்ளாதீர்கள், முன்னால் கொண்டுவாருங்கள். நெப்ராஸ்டமிக் குழாயை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே படிவு கட்டி அடைக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் பிறந்ததும் உங்கள் தேதியைப் பார்த்து, நவம்பர் டிசம்பரில் விழுந்தால் அலுவலகத்தில் சொல்லி முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கான மாத்திரை, கூடுதலாக ஒரு பை, கட்டுத் துணி, ஒட்டுப் பட்டை ஆகியவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு உயரமான அலமாரியில் வையுங்கள். கடைசி டிஸ்சார்ஜ் சீட்டின் நகலையும் அதே டப்பாவில் வைத்துவிடுங்கள்.